எக்கோ மெஷினோடு எட்டு வருடம்

எட்டு வருடமாக ஒரே எக்கோ மெஷினில் இதயம் பார்க்கிறேன். வந்த புதிதில் படம் மங்கினால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கெயினை, அதாவது வரும் எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றுவது. ரத்தம் கருப்பாகத் தெரிய வேண்டிய இடத்திலும் மாவு தூவியது போலப் புள்ளிகள் கிளம்பும். மெஷின் சரியில்லை என்று பழியை அதன் மேல் போட்டுவிடுவேன்.

பாவம், அதற்குத் தெரிந்தது நேரம் ஒன்றுதான். ஒரு சின்ன ஒலித் துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். திசுவில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிடும். 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ விநாடி, 16 செ.மீ.க்கு 208. கடைசி எதிரொலி வரும்வரை அடுத்த துடிப்பு கிடையாது. ஒரு துடிப்புக்குப் படத்தில் ஒரு கோடு, ஆக விநாடிக்குச் சுமார் 4800 கோடுகள். படத்துக்கு 100 கோடு வைத்தால் 48 படங்கள். புதிய மெஷின்கள் ஒரே துடிப்பில் பல கோடுகளை வாங்கிக் கொஞ்சம் தப்பிக்கின்றன, அவ்வளவுதான். இது புரிந்த பிறகு என் கை முதலில் போவது டெப்த் பட்டனுக்கு. இதயத்துக்குக் கீழே வீணாகக் கிடக்கும் ஆழத்தை வெட்டி, படத்தின் விசிறி அகலமான செக்டரையும் குறுக்கினால், விநாடிக்கு வரும் படங்கள் கூடி, மைட்ரல் வால்வின் இதழ் தத்தித் தத்தி நகராமல் வழுக்கிக்கொண்டு திறக்கும்.

ஹார்மோனிக் வசதி அருமை. அனுப்பிய அதிர்வெண்ணின் இரட்டிப்பைக் கேட்பதால் விலா எலும்புப் பக்கத்துக் குப்பை குறைகிறது. ஆனால் வால்வு இதழ்களைக் கொஞ்சம் தடித்துக் காட்டும். சந்தேகம் வந்தால் அணைத்துவிட்டு ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் டாப்ளரில்தான் வசமாக மாட்டினேன். அயோர்டிக் வால்வு சுருங்கிய ஒருவருக்கு இதய நுனியிலிருந்து அளந்தேன்: விநாடிக்கு 3 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை நாலால் பெருக்கினால் வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 36 மி.மீ. பாதரசம். நோயாளிக்கு மூச்சு வாங்குவதற்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டவே இல்லை. சீனியர் அவரை வலப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, படமே காட்டாத பென்சில் ப்ரோபை (ப்ரோப் என்பது மார்பில் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவி) மார்பெலும்பின் வலது ஓரத்தில் வைத்து, காதால் சத்தத்தைத் தேடினார். 4 மீட்டர், அழுத்த வேறுபாடு 64. ரத்தம் பாயும் திசைக்கும் என் ஒலிக் கற்றைக்கும் நடுவே 40 டிகிரி விலகியிருந்தாலே வேகத்தில் கால் பங்கு காணாமல் போகும். கோணம் தவறினால் எண் குறையுமே தவிர ஏறாது. இப்போது ஒரே ஜன்னலில், அதாவது மார்பில் ப்ரோப் வைக்கும் ஒரே இடத்தில், கிடைத்த எண்ணை நம்புவதில்லை.

மெஷினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்று உண்டு: ப்ரோப் வயர் தரையில் புரள்கிறது. ஒரு நாள் சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டது. படம் வந்தது, சரி, தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன். ஒலியை அனுப்பி வாங்குவது ப்ரோபுக்குள் இருக்கும் சின்னப் படிகங்கள். தட்டையான லீனியர் ப்ரோபாக இருந்தால் செத்த படிகத்துக்கு நேர் கீழே கருப்புப் பட்டை விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். இதய ப்ரோபில் ஒவ்வொரு கோட்டுக்கும் எல்லாப் படிகங்களும் சேர்ந்து உழைப்பதால், சில செத்தாலும் மொத்தப் படமும் லேசாக மங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு மாதம் நோயாளிகளின் உடல்வாகைக் குறை சொன்னேன், அப்புறம் என் கையைக் குறை சொன்னேன். சர்வீஸ் எஞ்சினியர் ஜெல் போடாமல் காற்றில் பிடித்து, ப்ரோப் முகத்தருகே தெரிந்த வளையங்களைப் பார்த்தவுடனே கேட்டார்: "வயர் மேல எப்ப ஏத்தினீங்க?"