4,600 டாலர் போச்சு: பழைய ஸ்னைப்பர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் உஷார்!

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ராணுவ ரைஃபிள் சேர்க்கிற நம்மாட்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேராவது தப்பிக்கட்டும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைஃபிளான லீ என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 (டி) என்று சொல்லி ஒருத்தன் ஒரு போலியை என் தலையில் கட்டிவிட்டான். 4,600 டாலர். தெரியாதவர்களுக்கு: 'டி' என்றால் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வைத்த ஸ்னைப்பர் வகை. இரண்டாம் உலகப் போரில், குறி தவறாமல் சுடுகிற நம்பர் 4 ரைஃபிள்களாகப் பொறுக்கியெடுத்து லண்டனில் துப்பாக்கி செய்யும் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டு கம்பெனிக்கு அனுப்புவார்கள். அங்கே ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் இருக்கும் உலோக உடல்) இடப்பக்கம் இரண்டு உலோகப் பேட் வைத்து, நம்பர் 32 ஸ்கோப் பொருத்தி, கன்னம் சாய்க்க ஒரு மரத்துண்டும் சேர்ப்பார்கள். சாதாரண நம்பர் 4 ஆயிரம் டாலருக்குள் கிடைக்கும். நம்பர் எல்லாம் பொருந்திய நிஜமான டி என்றால் பல ஆயிரம். இந்த இடைவெளியில்தான் இவன்கள் வண்டி ஓட்டுகிறான்கள்.

வாங்கியது துப்பாக்கிகளை மட்டும் ஏலம் விடும் ஒரு ஆன்லைன் தளத்தில். பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் ஓடுகிறது. ஏலம் கேட்குமுன் நோண்டி நோண்டிக் கேட்டேன். எந்தப் படம் கேட்டாலும் அரை மணியில் வந்தது. தோளில் வைக்கும் மரக்கட்டையின் கழுத்தில் ஸ்கோப்பின் நம்பர், கட்டைக்கு அடியில் ஹாலண்டின் 'எஸ் 51' முத்திரை, ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் ரைஃபிளின் நம்பர். எல்லாம் சரி. பேச்சுவாக்கில், என் தாத்தா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து பர்மா முனைக்குப் போனவர் என்று சொன்னேன். மறுநாளே போன். குரல் தழுதழுக்கிறது. "இதை என் மாமனார் 1945-ல் பர்மாவிலிருந்து கொண்டுவந்தார், அப்புறம் வெளியே போகவே இல்லை, சுவரில்தான் தொங்கியது. உங்கள் வீட்டுக்கு வருவதுதான் முறை." விளம்பரத்தில் பர்மா என்ற சொல்லே கிடையாது. மாமனாராம். முறையாம்.

கார்டு வாங்க மாட்டானாம், தபால் மணியார்டர் மட்டும்தான். இங்கே ஒரு மணியார்டர் 1,000 டாலரைத் தாண்டாது, அதனால் ஐந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரே நாளில் 3,000 டாலருக்குப் போனால் படிவம் நிரப்பி அடையாள அட்டையும் காட்டணும். கவுண்டரில் இருந்த அம்மா, "அனுப்புகிற ஆள் தெரிந்தவர்தானே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

என்னிடம் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான சி அண்ட் ஆர் லைசென்ஸ் இருக்கிறது. 30 டாலர், மூன்று வருஷம் செல்லும். 50 வருஷத்துக்கு மேல் பழைய ரைஃபிள் நேராக வீட்டுக்கே வரும். வசதிதான், ஆனால் நடுவில் ஒரு கடைக்காரர் கண்கூட அதன்மேல் படாது.

பெட்டியைப் பிரித்ததும் இடித்தது பின் சைட், அதாவது குறிபார்க்கும் பின்பக்கத் துண்டு. நிஜமான டி-யில் அதிலிருக்கும் 'பேட்டில் சைட்' (battle sight) என்ற கிட்டத்துக் குறித்துளையை எடுத்திருப்பார்கள். இதில் ஜம்மென்று நிற்கிறது. 1944-ல் பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி தயாரித்தது, பட் சாக்கெட்டின் (மரக்கட்டை செருகும் உலோகப் பகுதி) இடப்பக்கம் 'டிஆர்' என்று இருக்க வேண்டும். இல்லை. குழலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் '18.5 டன்' என்று பிரிட்டிஷ் சோதனை முத்திரை. ராணுவம் கழித்துப்போட்டதை அங்கே வியாபாரிகள் விற்கும்போது குத்துவது அது. 1945-லிருந்து மாமனார் வீட்டுச் சுவரில் தொங்கிய ரைஃபிளுக்கு இது எப்படி வந்தது?

துப்பாக்கிச் சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். லூப்பை (பூதக்கண்ணாடி) கண்ணில் வைத்தவர் எஸ் 51-ஐக் காட்டினார்: வார்னிஷ் காய்ந்த பிறகு குத்தியது, விளிம்பில் வார்னிஷ் பொரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிராக்கெட்டில் உள்ள 5-ம் ரிசீவரில் உள்ள 5-ம் ஒரே அச்சு இல்லை. பணத்தைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்: நல்ல 1944 ரைஃபிளில் எவனோ டிரில் போட்டுத் திருகாணி ஏற்றியிருக்கிறான். இனி அது டி-யும் இல்லை, ஒழுங்கான நம்பர் 4-ம் இல்லை.

அவனைக் கூப்பிட்டால் முதலில் "உங்கள் படத்தில் வெளிச்சம் சரியில்லை." அடுத்து, பார்த்துத் திருப்புவதற்கான மூன்று நாள் முடிந்துவிட்டதாம். கடைசியில், "நான் 'டி அமைப்பில்' என்றுதான் போட்டேன், டி என்று எங்கே போட்டேன்?" அதோடு பிளாக். தளத்துக்காரர்களோ "நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம், விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று புகாரை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று மெயில் அனுப்புகிறார்கள். என் 4,600 டாலருக்கு நட்சத்திரம்! போலீஸில் கேட்டால் சிவில் விவகாரமாம். மணியார்டர் ஐந்தையும் அவன் எப்போதோ மாற்றிவிட்டான். தபால் வழி மோசடி என்று தபால் துறைப் புலனாய்வுப் பிரிவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் கணக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, இன்று இன்னொரு 'டி அமைப்பு' ஏற்றியிருக்கிறான்.

என்னென்ன பார்க்கணும் என்று படத்தோடு விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கார்டு வாங்காதவனிடம் வாங்காதீர்கள். 'அமைப்பில்', 'பாணியில்' என்று எழுதியிருந்தால் அடுத்த பக்கம் போங்கள். பின் சைட், பட் சாக்கெட், குழல் மூன்றுக்கும் கிட்டப் படம் கேளுங்கள். மாமனார் கதைக்கு ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

தபால் புலனாய்வில் புகார் கொடுத்துப் பணம் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்து என்ன செய்யணும் என்று சொல்லுங்கள் சார். 4,600 டாலர், சும்மா விட முடியாது.