பழைய மாஸி 1035-க்கு லிப்ட் பம்பு: ஒன்பது வருடம், மூன்று பம்பு

அப்பா 1994-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் எங்கள் தென்னந்தோப்பில் ஓடுகிறது. உழவு, மட்டை இழுப்பது, எரு அடிப்பது எல்லாம் அதில்தான். எஞ்சின் ஒரு நாளும் மானத்தை வாங்கியதில்லை. படுத்தியதெல்லாம் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் லிப்ட் மட்டும்தான். 2015-லிருந்து அந்த ஒரு விஷயத்துக்காகச் செலவழித்த பணத்தையும் நாளையும் எண்ணினால் வயிறு எரிகிறது. பழைய வண்டிக்குப் பம்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் இந்தப் பம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் கடைக்குப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. பல டிராக்டர்களில் எஞ்சின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டிய கியர் பம்பு இருக்கும், வெளியே கண்ணுக்குத் தெரியும். மாஸியில் பம்பு வண்டியின் வயிற்றுக்குள், சீட்டுக்குக் கீழே உள்ள நடு ஹவுசிங்கில், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். பி.டி.ஓ.வுக்கு, அதாவது பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் அமைப்புக்கு, போகிற ஷாப்ட்தான் அதைச் சுற்றுகிறது. உள்ளே நான்கு பிஸ்டன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வால்வு சேம்பர், அதாவது வால்வுகள் உட்காரும் அறை. ஹாரி பெர்குசன் கொண்டுவந்த அமைப்பு இது. 1946-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரிக்கத் தொடங்கிய சின்னச் சாம்பல் நிற டிஇ20 டிராக்டரிலும் இதே யோசனைதான், அதற்குப் பின் வந்த 35 மாடலிலும் அதுதான், 35-ன் வழியில் வந்த நம் சென்னை டாஃபே கம்பெனியின் 1035-லும் அதுதான்.

இதில் ஒரு வித்தியாசம் எனக்கு வெகுநாள் புரியவே இல்லை. சாதாரண கியர் பம்பு எப்போதும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வேண்டாத எண்ணெய் வால்வு வழியாகத் திரும்பித் தொட்டிக்குப் போய்விடும். இதில் கட்டுப்பாடு உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. கண்ட்ரோல் வால்வு திறந்தால்தான் பம்புக்கே எண்ணெய் கிடைக்கும். மூடியிருந்தால் பிஸ்டன்கள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அதாவது, பென்சில் தடிமன் உள்ள அந்த வால்வு அசையாமல் ஒட்டிக்கொண்டால், பம்பு புத்தம் புதிதாக இருந்தாலும் கலப்பை தூக்காது.

எங்களுக்கு நடந்தது அதுவேதான். 2015 ஐப்பசி மழையில் வண்டி பதினைந்து நாள் மரத்தடியில் நின்றது. எடுத்தபோது லிப்ட் அசையவில்லை. மெக்கானிக் வந்து லீவரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பம்பு போயிருச்சுங்க, புதுசு வாங்கிருங்க" என்றார். நானும் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் "1035-க்கு லிப்ட் பம்பு" என்று கேட்டேன். லூதியானா சரக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். வண்டியைப் பிரித்துப் பழைய பம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் ஷாப்டில் பல் எண்ணிக்கையே வேறு. எங்களுடையது 10 பல், வாங்கி வந்தது 21 பல். இரண்டும் சந்தையில் கிடைக்கிறது, இரண்டையும் மாஸிக்கு என்றுதான் விற்கிறார்கள். கடைக்காரர் கழிவு பிடித்துக்கொண்டுதான் திருப்பி எடுத்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தை வைத்துப் பம்பு வாங்காதீர்கள். முப்பது நாற்பது வருட வண்டியில் இதற்கு முன் எத்தனை பேர் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாடியில் புடைப்பாக வார்த்திருக்கும் நம்பரையும் நம்ப வேண்டாம். அது வார்ப்பட எண். ஒரே வார்ப்பில் இரண்டு மூன்று வகை பம்பு செய்வார்கள், பார்ட் நம்பர் வேறாக இருக்கும். பழைய பம்பை வெளியே எடுத்துச் சாக்கில் கட்டிக் கடைக்குக் கொண்டு போவதுதான் ஒரே நிச்சயமான வழி. பல்லை எண்ணுங்கள். கண்ட்ரோல் வால்வு எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த வால்வு ஒட்டாமல் இருக்க அதைச் சதா லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கும் ஆசிலேட்டர் என்ற கை சில பம்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவும் ஒத்துப்போனால்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

அடுத்து வேறு கடையில் 10 பல் பம்பு புதிதாக வாங்கிப் போட்டோம். மூன்று வருடம் ஓடியது. முதல் வருடம் ஏழு கொழுக் கலப்பையைத் தூக்கியதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். 2018-ல் தூக்கும்போது விட்டு விட்டு, திக்கித் திக்கி ஏறத் தொடங்கியது. தூக்கி நிறுத்திய பிறகும் கலப்பை தலையாட்டிக்கொண்டே இருந்தது. நான்கு பிஸ்டனில் ஒன்றின் வால்வு சரியாக மூடாவிட்டாலே இப்படி ஒரு அடி தவறும். பிரித்தபோது பக்கச் சேம்பரில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. அந்தச் சேம்பரை மட்டும் தனியாக வாங்க முடியும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அப்புறம் அவசரத்துக்கு ரீகண்டிஷன் பம்பு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்கும் பம்பு ஒன்று வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான்கே மாதம்தான் தாங்கியது. பெயின்ட் அடித்த பழைய பம்பை வாங்கவே வாங்காதீர்கள். அழுக்கோடு இருக்கிற பம்பில் துருவும் தேய்மானமும் தெரியும், பெயின்ட் எல்லாவற்றையும் மூடிவிடும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரில் வயதான மேஸ்திரி ஒருவரைப் பார்த்தேன். மாஸியிலேயே வாழ்ந்தவர். 2015-ல் கழற்றிய முதல் பம்பைக் கொண்டுவரச் சொன்னார். டீசலில் ஊறப்போட்டு, கண்ட்ரோல் வால்வை விரலால் தள்ளிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. மெல்லத் தட்டி வெளியே எடுத்தால் உடம்பு முழுக்கத் துரு. "தம்பி, இந்தப் பம்பு கெடவே இல்ல. தண்ணி போயிருக்குது. கியர் லீவர் ரப்பரைப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன். ரப்பர் கிழிந்து, மழைத் தண்ணீர் நேராக உள்ளே போகிற மாதிரி வாய் பிளந்து கிடந்தது. கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் ஆக்சில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான், முப்பது லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். அதில் தண்ணீர் கலந்தால் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தப் பத்து நொடி வேலையை மெக்கானிக்கும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஆகவே பம்பு வாங்க நினைப்பவர்கள் முதலில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அடுத்து, கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணையுங்கள். சடசடவென்று இறங்கினால் சந்தேகம் பம்புக்கு வெளியேயும் போக வேண்டும். பம்பிலிருந்து மேலே எண்ணெய் ஏறுகிற ஸ்டாண்ட் பைப்பின் ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள், மேல் மூடியில் இருக்கும் சிலிண்டரின் பிஸ்டன் ரிங், இவை கசிந்தாலும் இறங்கும். ஓ-ரிங் விலை டீக்காசுதான். மூன்றாவதாக, கொஞ்சம் எண்ணெயை வடித்துவிட்டு, டிப் ஸ்டிக் இருக்கும் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்து லீவரை ஆட்டச் சொல்லுங்கள். கண்ட்ரோல் வால்வு உள்ளே வெளியே போய் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது தயவுசெய்து உள்ளே கை விடாதீர்கள், ஷாப்ட் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கிய கலப்பைக்குக் கீழேயும் போகாதீர்கள்.

மேஸ்திரி முதல் பம்புக்குப் புது கண்ட்ரோல் வால்வு, சீல் கிட், இரண்டு பக்கச் சேம்பர், ஸ்டாண்ட் பைப் ஓ-ரிங் போட்டார். புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டித்தான் மேல் மூடியைத் தூக்கினோம், அவ்வளவு கனம். திரும்ப இறக்கும்போது மூடியிலிருந்து தொங்கும் லீவர் பம்பின் கண்ட்ரோல் கைகளோடு சரியாகப் பொருந்தி உட்கார வேண்டும். பக்கத் தகட்டுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இறக்கினார். இதைப் பார்க்காமல் இறக்கிவிட்டு, "புதுப் பம்பும் வேலை செய்யல" என்று சொன்ன இரண்டு பேரை எனக்கே தெரியும்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. டிப்பர் டிரெய்லர் போட்டால் பொசிஷன் லீவரை முழுக்கத் தள்ளி, பம்பு விடாமல் எண்ணெய் அடிக்கிற நிலையில் வைப்போம் இல்லையா, டிரெய்லர் தொட்டி முழுக்க ஏறிய பிறகும் அப்படியே விட்டால், அழுத்தம் மீறினால் திறக்கிற ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டவுடன் லீவரைத் திருப்பிவிட வேண்டும். எங்கள் டிரைவர் அந்தச் சத்தத்தோடேயே எரு கொட்டி முடிப்பார். இரண்டாவது பம்பு மூன்றே வருடத்தில் போனதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

கியர் பம்பு வைத்த வண்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஷாப்ட் பக்கமிருந்து பார்த்தால் பம்பு எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். என் பங்காளி ஒருவர் போல்ட் துளை பொருந்துகிறது என்று திசை மாறிய பம்பை மாட்டினார், ஓட்டிய உடனே ஷாப்ட் சீல் பிதுங்கி வெளியே வந்துவிட்டது.

2019-ல் மாட்டிய முதல் பம்பு ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது. கியர் லீவர் ரப்பரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். மழைக்காலம் முழுக்க வண்டியைத் தகரக் கொட்டகையில்தான் நிறுத்துகிறேன். மழை முடிந்ததும் அடித் திருகை லேசாகத் தளர்த்தி, முதலில் வருகிற அரை டம்ளர் எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பேன், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். போன தை மாதம் பிடித்தபோது எண்ணெய் தெளிவாக இருந்தது.