நான்கு மழைக்காலம் கண்ட குரோஷா பூங்கொத்து

என் பெற்றோரின் நாற்பதாம் திருமண நாளுக்காக, 2021 டிசம்பரில், குரோஷா எனப்படும், நுனியில் கொக்கி உள்ள ஊசியால் நூலில் ஒரு பூங்கொத்து பின்னிக் கொடுத்தேன். நான் மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். அவர்கள் பக்கத்திலேயே சயானில் இருக்கிறார்கள். அந்தக் கொத்து அவர்கள் வீட்டுக் கூடத்தில், மேற்கு ஜன்னலை ஒட்டிய மேசையில் நான்கு மழைக்காலங்களைக் கடந்து நிற்கிறது. அதற்குப் பிறகு 2022 ஆகஸ்டில் ஒன்றும் 2023 அக்டோபரில் ஒன்றும் என் வீட்டுக்காகவே பின்னினேன். பின்னும் முறையைச் சொல்லித்தர எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. பின்னி முடித்த பூங்கொத்து மூன்று நான்கு ஆண்டுகளில் என்ன ஆகிறது என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை; ஆகவே, மூன்று கொத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்து இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் கொத்தில் ஏழு ரோஜா, ஒன்பது செவ்வந்தி, மூன்று கோழிக்கொண்டை என்று பத்தொன்பது பூக்கள் இருந்தன. பண்டார்கர் சாலையில், அஸ்திக சமாஜம் கோயிலருகே உள்ள பூக்கடைகளில் அம்மா வழக்கமாக வாங்கும் பூக்களிலிருந்தே இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். ரோஜாவைத் தனித்தனி இதழாகப் பின்ன வேண்டியதில்லை. ஒரு நீண்ட சங்கிலிப் பின்னல் போட்டு, அதன்மேல் விசிறி விசிறியாக இதழ்களைப் பின்னி, கிடைக்கும் நாடாவைச் சிறிய இதழ் இருக்கும் முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, அடியில் ஊசி நூலால் தைத்துவிட்டால் ரோஜா மலர்ந்துவிடும். முதல் ரோஜாவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஏழாவது ரோஜா ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. தண்டு சுற்றுவதையும் இலைகளையும் சேர்த்து அந்தக் கொத்து என்னிடம் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 37 மணி. நூல், கம்பி, பச்சை டேப் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 900 ரூபாய் செலவானது.

தொடக்கத்தில் நேர்ந்த ஒரு குழப்பத்தைப் புதிதாகப் பின்னுகிறவர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. எனக்குக் குரோஷா சொல்லித்தந்தவர் அம்மா; அவர் கற்றதோ பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களிலிருந்து. அவர் டபிள் என்று சொல்லும் பின்னலை அமெரிக்க முறையில் சிங்கிள் என்பார்கள்; அமெரிக்கர்களின் டபிள் அவருக்கு ட்ரெபிள். அமெரிக்க முறைக் காணொளியில் டபிள் என்று சொன்னதும் நான் அம்மாவின் டபிளைப் போட்டேன். இதழ்கள் பாதி உயரத்தில் கட்டைகட்டையாக நின்றன. இரண்டு பூக்களைப் பிரித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

இப்போது முதல் கொத்தின் நிலைக்கு வருகிறேன். ஆறு மாதம் வரை அதில் ஒரு குறையும் இல்லை. 2022 ஜூலையில் ஒரு காலை அம்மா தொலைபேசியில், "இங்க வந்து பாரேன், பூவுல காப்பி சிந்தின மாதிரி இருக்கு" என்றார். போய்ப் பார்த்தபோது, ஒரு மஞ்சள் செவ்வந்தியின் அடியில் மிளகு அளவுக்குப் பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. தண்டின் நூலைக் கொஞ்சம் விலக்கினேன். உள்ளே காகிதம் சுற்றிய இரும்புக் கம்பி முழுக்கத் துருவேறியிருந்தது. விரலால் தேய்த்தபோது காகிதம் ஈரப் பொடியாக உதிர்ந்தது. அந்தத் துரு கம்பியின் நுனி வழியாகப் பூவுக்குள் ஊறி ஏறியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு தடவியதில் கறை ஓரளவு மங்கியது, ஆனால் அந்த இடத்தில் மஞ்சள் சாயமும் சேர்ந்து வெளுத்துவிட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற, கடற்காற்றில் உப்பும் கலந்திருக்கிற ஊர் இது. கம்பி துருப்பிடித்ததில் வியப்பில்லை. என் பிழை, தண்டுக்கும் பருத்தி நூலையே சுற்றியது. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் நூல் அதில் சிறு பங்கு ஈரத்தைத்தான் ஏற்கும். பருத்தியும் அதன் அடியில் காகிதமுமாகச் சேர்ந்து, மழைக்காலம் முழுவதும் கம்பிக்கு ஈரத்துணி போர்த்தியதுபோல் ஆகியிருக்கிறது. ஒரு குரோஷா பூங்கொத்து எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைப் பூவைப் பார்த்துச் சொல்லவே முடியாது, தண்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புவது அந்த நாளிலிருந்துதான்.

அதே கொத்தில் மேலும் இரண்டு தவறுகள் வெளிப்பட்டன. செவ்வந்தி இதழ்கள் விறைப்பாக நிற்க வேண்டும் என்று, பருத்திப் புடவைக்குப் போடுவதுபோல் ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்திருந்தேன். காய்ந்ததும் அவ்வளவு அழகாக இருந்தது. முதல் மழையிலேயே இதழ் நுனிகளில் கரும்பூஞ்சை புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. பூஞ்சைக்குக் கஞ்சி நல்ல உணவு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்து, இலைகளைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தேன். இரண்டாவது கோடையில் பசை மஞ்சளாகி, இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டைவிட்டுக் கழன்றன. நூலால் தைத்த ரோஜாக்களில் ஒன்றுகூட இன்றுவரை பிரியவில்லை.

இரண்டாவது கொத்தை முழுக்க அக்ரிலிக் உல்லன் நூலில் பின்னினேன். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைப் பயன்படுத்தினேன். துரு பெருமளவு குறைந்தது, வெட்டிய நுனிகளில் மட்டும் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. பூஞ்சை வரவே இல்லை. ஆனால் அக்ரிலிக் பூக்கள் ஓராண்டிலேயே பழையதாகத் தெரியத் தொடங்கின. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். தொடுகிற இதழ்களின் விளிம்பில் நூல் சிலிர்த்து, சின்னச் சின்ன உருண்டைகள் திரண்டன. இதழ்களை நேராக்க நீராவி இஸ்திரியைச் சற்று நெருக்கமாகக் காட்டிய இரண்டு ரோஜாக்கள் துவண்டு பளபளத்துப் போயின, அதன்பின் நிமிரவே இல்லை. அக்ரிலிக்குக்குச் சூடு ஆகாது.

இந்த இரண்டின் பாடத்தையும் சேர்த்து உருவானது மூன்றாவது கொத்து. தாதர் ரயில் நிலையத்தை ஒட்டிய நூல் கடையில் பூக்களுக்கு மெர்சரைஸ்டு பருத்தி நூல் வாங்கினேன். ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் மெர்சர் 1850-ல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது அந்த நூலைப் பதப்படுத்தும் முறை. காஸ்டிக் சோடாவில் பதப்படுத்திய பருத்தி, சாயத்தை ஆழமாக ஏற்கிறது, பளபளப்பும் பெறுகிறது. நூல் எளிதில் சிலிர்ப்பதில்லை என்பது என் கையனுபவம். ஊசியை 3 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். பின்னல் நெருக்கமானதால் இதழ்கள் கஞ்சியே இல்லாமல் நிமிர்ந்து நின்றன. இதற்கு விலையாக விரல் நோவும் கூடுதல் நேரமும் உண்டு. ஒரு செவ்வந்திக்கு ஒரு மணி நேரம் என்பது ஒன்றரை மணி நேரமாயிற்று. நான் மறுபடி பின்னினாலும் இந்த மாற்றத்தைத்தான் முதலில் செய்வேன்.

தண்டுக்கு, கிராஃபோர்டு மார்க்கெட் அருகே அப்துல் ரஹ்மான் தெருவில் 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வாங்கி, அதன்மேல் பச்சை அக்ரிலிக் நூலைச் சுற்றினேன். அதே தடிமனில் அலுமினியத்துக்கு இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் உண்டு. ஆகவே மெல்லிய அலுமினியக் கம்பி பூவின் பாரத்தில் தலைகுனிந்துவிடும், தடித்ததாகவே வாங்க வேண்டும். கம்பியின் நுனியை வளைத்துச் சிறு கொக்கியாக்கி, அதைப் பூவின் அடியோடு நூலால் தைத்தேன். இரண்டு மழைக்காலம் முடிந்து, இந்த அக்டோபரில் ஒரு தண்டின் நூலைப் பிரித்துப் பார்த்தேன்: கம்பி வாங்கிய நாளில் இருந்ததுபோலவே வெள்ளையாக இருந்தது.

மூன்று கொத்துகளிலும் என் மனதுக்கு மிக நெருக்கமானது கோழிக்கொண்டைப் பூ. அதைப் பின்னுவதில் ஒரே ஒரு விதிதான்: முந்தைய வரிசையின் ஒவ்வொரு கண்ணிலும், அதாவது ஒவ்வொரு பின்னலின் வளையத்திலும், இரண்டு பின்னல். இருபது கண்களில் தொடங்கினால் அடுத்த வரிசைகள் 40, 80, 160, 320 என்று பெருகும். அத்தனை விளிம்புக்கும் சமதளத்தில் இடம் இல்லாததால், துணி தானாகவே மடிந்து நெளிந்து, மாலையில் கோக்கும் அதே கொண்டையாக உருவெடுக்கும். டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997-ல் ஹைபர்போலிக் தளம் எனப்படும், விளிம்புக்குப் போகப் போகப் பரப்பு பெருகி நெளியும் வடிவத்தைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டியதும் இப்படிக் கண்களைச் சீராகப் பெருக்கித்தான். இதழுக்குள் கம்பி வேண்டாம், கஞ்சி வேண்டாம். முதல் கொத்தின் கோழிக்கொண்டைகள் நான்கு ஆண்டுகளாக ஒரு மடிப்பும் தளராமல் நிற்கின்றன.

பராமரிப்பில் பெரிய வேலை தூசிதான். வாரம் ஒருமுறை, முகப்பூச்சுக்கு வைத்திருந்த மென்மயிர்த் தூரிகையால் துடைக்கிறேன். ரோஜாவுக்கும் செவ்வந்திக்கும் அது போதும். மேற்கு வெயிலில் முதல் கொத்தின் ராணி நிற ரோஜாக்கள் ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்துவிட்டன. இப்போது மூன்றாவது கொத்தை வெயில் விழாத அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை திருப்பி வைக்கிறேன்.

விலைக்குப் பின்னித் தரச் சிலர் கேட்டிருக்கிறார்கள். தொகையைச் சொன்னதும் தயங்கியிருக்கிறார்கள். குரோஷாவை அப்படியே போட்டுத் தரும் தொழிற்சாலை இயந்திரம் புழக்கத்தில் இல்லை. 2024-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆந்திராவின் நரசாபூர் குரோஷா லேஸும் பெண்களின் விரல்களில் ஒவ்வொரு கண்ணாகத்தான் உருவாகிறது. 37 மணி நேர உழைப்பை 1000 ரூபாய்க்கு யாரும் கேட்கவும் வேண்டாம், பின்னுகிறவர்கள் கொடுக்கவும் வேண்டாம். வாங்குகிறவர்கள் தண்டுக்குள் என்ன கம்பி, பூ தைத்ததா ஒட்டியதா என்ற இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேளுங்கள்.

மூன்றாவது கொத்திலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. கோழிக்கொண்டையின் மடிப்புகளுக்குள் தூரிகை போவதில்லை. சிவப்பின் ஆழத்தில் சாம்பல் நிறம் படியத் தொடங்கிவிட்டது. சோப்பு நீரில் முக்கி அலச, பூவைத் தண்டிலிருந்து கழற்ற வேண்டும். நானோ அதை இறுக்கித் தைத்துவிட்டேன். இந்த வாரம் அந்த மூன்று பூக்களின் தையலையும் பிரித்து, ரவிக்கைக்கு வைக்கும் பிரஸ் பட்டன் ஒன்றை அடியில் தைத்துப் பார்க்கப்போகிறேன்.