கொழும்பா, சிங்கப்பூரா?

சென்னையிலிருந்து நாலு நாள் லீவுக்கு இரண்டுமே பக்கம்தான். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம், சிங்கப்பூருக்கு நாலு. பர்ஸைத் தீர்மானிப்பது நாணய மதிப்பு.

2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இலங்கை ரூபாய் சுமார் 200. மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி அந்த மதிப்பின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியதும், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நம் ஒரு ரூபாய்க்கு 2.70 கிடைத்தது போய் நாலரைக்கு மேல் கிடைத்தது. நமக்கு ஹோட்டல் மலிவு. அங்கிருப்பவர்களோ பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றார்கள். தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு, பத்தாயிரம் ரூபாய்ப் புடவை அவர்கள் கணக்கில் 27,000லிருந்து 46,000 ஆனது. புடவையின் விலைச்சீட்டு என்னவோ அதேதான்! அதன்பிறகு இலங்கை ரூபாய் ஓரளவு மீண்டது. ஆனாலும் பழைய இடத்துக்கு வரவில்லை.

சிங்கப்பூர் நேர்மாறு. அங்கே விலைவாசியை அடக்க, வட்டியை அல்ல, வெள்ளியின் (சிங்கப்பூர் டாலரின்) மதிப்பையே கையாளுகிறார்கள். 2014இல் 48 ரூபாய்க்குக் கிடைத்த வெள்ளி பத்தாண்டில் 60ஐத் தாண்டியது. சிங்கப்பூர்க்காரர்களே மளிகை வாங்கப் பக்கத்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகிறார்கள், அப்புறம் நாம் எதற்கு சிங்கப்பூரின் முஸ்தபா கடையில் டிராலி தள்ள வேண்டும்?

என் ஓட்டு கொழும்புக்கு. நம் ரூபாயை டாலராக்கி, அதை அங்கே மறுபடி மாற்றினால் கமிஷன் இரண்டு முறை போகும். அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.