நேரடிப் பட்டறையா, இணையப் பயிற்சியா?

ஊடக அறிவை (செய்தியோ படமோ உண்மையா என்று சோதிக்கும் திறனை) வகுப்பில் சொல்லித்தர ஆசிரியர்களை எப்படித் தயார்படுத்துவது?

செலவு: இணையம்தான் மலிவு. 2019-இல் நேரடியாகத் தொடங்கிய மத்திய அரசின் நிஷ்டா ஆசிரியர் பயிற்சி, 2020-இல் கொரோனாவால் அரசின் இணையவழிக் கல்விக்கான தீக்‌ஷா தளத்துக்கு மாறியது. பயணப்படி, சாப்பாட்டுச் செலவெல்லாம் மிச்சம்.

ஆழம்: இதில் பட்டறைதான். 2015 சென்னை வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பின என்பது வதந்தி. 2023 புயலின்போது பெருங்களத்தூர் சாலையில் முதலை போனதோ நிஜம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அறையே வாதாடும். இணையத்தில் செய்வதுபோலக் காணொளியை ஓடவிட்டு டீ குடிக்கப் போக முடியாது (நானும் போயிருக்கிறேன்).

திரும்பப் பார்க்க: இணையம்.

படத்தைத் தேடிச் சரிபார்க்கும் நுட்பம் மட்டும் போதுமென்றால் இணையமே சரி. “எங்க அப்பா அனுப்பினது பொய்யா சார்?” என்று ஒரு பையன் கேட்கும்போது தடுமாறாமல் இருக்க, பட்டறை.