ஸ்டானைட் படிகம்: கல்லுக்கு மார்க் உண்டு, கடைக்குக் கிடையாது

கனிம மாதிரிகள் விற்கும் ஒரு இணையக் கடையில் வாங்கினேன். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் உள்ள யாவ்காங்சியன் சுரங்கத்து ஸ்டானைட், வெள்ளீயம் அடங்கிய ஒரு கனிமம். வெள்ளைக் குவார்ட்ஸ் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படிகம். படத்தில் வெள்ளி மாதிரி மின்னியது, கையில் எடுத்தால் எஃகுச் சாம்பல். அதைக் குறை சொல்ல முடியாது, ஸ்டானைட்டின் நிறமே அதுதான். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் லேசாக ஆலிவ் பச்சை ஓடும். அதற்காகவே இதை வாங்கலாம்.

டப்பாவின் அடியில் ஒரு துணுக்கு உதிர்ந்து கிடந்தது. மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பார்த்தேன், கறுப்புக் கோடு விழுந்தது. பேனாக் கத்தியும் எளிதாகக் கீறியது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது சுமார் 4 என்பதால் கீறத்தான் வேண்டும். வெள்ளீயத்தின் முக்கியத் தாதுவான கேஸிடரைட்டாக இருந்தால் கத்தி தோற்றுப்போகும், கோடும் வெளிறித்தான் வரும். ஆக, சரக்கு அசல்.

இதில் செம்பு, இரும்பு, வெள்ளீயம், கந்தகம் நான்கும் உண்டு. எடையில் வெள்ளீயம் சுமார் 27 சதவீதம். வெண்கலத்துக்கு வேண்டிய இரண்டு உலோகங்களும் ஒரே கல்லில் இருந்தும் ஆலைக்காரர்களுக்கு இது தலைவலிதான். கேஸிடரைட் வெறும் ஆக்சைடு, கரியோடு சேர்த்து உருக்கினால் வெள்ளீயம் பிரிந்துவிடும். இதில் கந்தகத்தை முதலில் வறுத்து விரட்டவேண்டும், அப்புறம் செம்பையும் இரும்பையும் பிரிக்கவேண்டும். பல இடங்களில் செம்புத் தாதுவோடு போய் இதன் வெள்ளீயம் வீணாகிறது.

கிரானைட் பாறைக் குழம்பு ஆறும்போது வெளியேறும் சூடான நீர், வெடிப்புகளில் புகுந்து வெள்ளீயத்தைப் படியவிடுகிறது. அந்த நீரில் கந்தகம் தாராளமாக இருந்து, ஆக்சிஜன் குறைவாக இருந்தால் ஸ்டானைட் உருவாக வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் கேஸிடரைட்தான். பொலிவியாவிலும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் ஒரே சுரங்கத்தில் இரண்டும் கிடைப்பது இதனால்தான்.

இனி கடையின் லட்சணம். புற ஊதா டார்ச் அடித்ததும் படிகத்தின் அடியைச் சுற்றி நீலவெள்ளையாக ஒரு வளையம் ஒளிர்ந்தது. பசை! கழன்ற படிகத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவது பெரிய குற்றமில்லை, சொல்லாமல் முழு விலை வாங்கியதுதான் அநியாயம். படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் பாதிப் பணம் திரும்பி வந்தது, ஆனால் விளம்பர வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்லுக்கு ஐந்துக்கு நான்கு, கடைக்கு ஒன்றரை. அங்கே வாங்குவதாக இருந்தால் புற ஊதா வெளிச்சத்தில் எடுத்த படத்தை முதலில் கேளுங்கள்.