தகர டப்பாவா, தீப்பெட்டியா? ஊசித்துளை கேமராவுக்கு ஏற்றது எது?

லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியே ஒளி புகுந்து படம் பதியும் ஊசித்துளை கேமராவை வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்களிடம் இரண்டு வழிகள் பரவலாகப் பேசப்படுகின்றன. தகர டப்பாவின் உட்புறத்துக்குக் கறுப்புப் பூசி அதனுள் இருட்டறையில் பயன்படும் கறுப்பு-வெள்ளை போட்டோ பேப்பரை வைப்பது ஒன்று. தீப்பெட்டிக்குள் 35 மி.மீ. ஃபிலிமை ஓடவிடுவது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்த பின் நான் தகர டப்பாவையே வைத்துக்கொண்டேன்.

வசதியைப் பொறுத்தவரை தீப்பெட்டியே மேல். அது சட்டைப்பையில் அடங்கும். ஒரே ரோலில் பல படங்கள் எடுக்கலாம். வெயிலில் ஓரிரு நொடிகளில் படம் பதிந்துவிடும். டப்பாவிலோ ஒவ்வொரு படத்துக்கும் இருட்டறைக்குத் திரும்பித் தாளை மாற்ற வேண்டும். தாளின் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவு, ஏறத்தாழ 3 முதல் 6 வரையே என்பதால் நல்ல வெயிலிலும் ஒரு நிமிடத்தை ஒட்டிக் காத்திருக்க நேரும்.

ஆனால் சோதித்துக் கற்பதுதான் நோக்கம் என்றால், குறை எங்கே என்பது எவ்வளவு விரைவில் தெரிகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். உறையிலிருந்து எடுத்த ஃபிலிமை முழு இருட்டில்தான் கையாள முடியும். பெட்டியில் ஒளி கசிந்திருந்தால், ரோல் முழுவதையும் எடுத்து முடித்து டெவலப் செய்த பிறகே அது தெரியவரும். போட்டோ பேப்பர் சிவப்பு ஒளியை உணராது. ஆகவே சிவப்பு விளக்கின் கீழ் டெவலப்பர் என்னும் ரசாயனக் கரைசல் உள்ள தட்டில் படம் எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒளியும் நிழலும் இடம் மாறித் தெரியும் நெகட்டிவ் என்பதால் வானம் முதலில் கறுக்கும், நிழல்கள் கடைசிவரை வெண்மையாக நிற்கும். தாளின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரு கரும்பட்டை நீண்டால் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். தட்டில் இட்ட சில நொடிகளிலேயே தாள் முழுவதும் கறுத்துவிட்டால் பெரும்பாலும் ஒளி பட்ட நேரம் மிகுதி. கறுப்பு டேப்பை ஒட்டியோ நேரத்தைக் குறைத்தோ அடுத்த தாளிலேயே திருத்திவிடலாம்.

துளை இடுவதிலும் டப்பாவே எளிது. துளைக்கும் தாளுக்கும் 100 மி.மீ. இடைவெளி இருந்தால், இயற்பியலாளர் ராலேயின் கணக்குப்படி ஏறத்தாழ 0.45 மி.மீ. விட்டம் பொருத்தமானது, 15 மி.மீ. ஆழமே உள்ள தீப்பெட்டிக்கோ 0.17 மி.மீ. வேண்டும், அதைக் கையால் வட்டமாக இடுவது கடினம். குளிர்பான கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டை ஊசியால் மெல்ல அழுத்தி, மறுபுறம் எழும் புடைப்பை உப்புத்தாளால் தேய்த்து, பின் ஊசிமுனையைச் சுழற்றிச் செலுத்தினால் விளிம்பு பிசிறின்றி அமையும். ஸ்கேனரில் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) அளவில் பார்த்தால் 0.45 மி.மீ. துளை சுமார் 21 பிக்சல் அகலம் காட்ட வேண்டும்.

தாளுக்கும் குறைகள் உண்டு: ஒளி-நிழல் வேறுபாடு கடுமையாக இருக்கும், சிவப்புப் பொருள்கள் இறுதிப் படத்தில் கறுத்துத் தெரியும். டிஜிட்டல் கேமராவில் லென்ஸைக் கழற்றிய இடத்தில் பொருத்தும் மூடியில் துளையிடும் மூன்றாவது வழியில் எனக்குப் பழக்கம் குறைவு. சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் படத்தில் புள்ளிகளாகத் தெரிந்ததை மட்டும் கண்டிருக்கிறேன். பயணத்தில் தொடர்ந்து படமெடுக்க விரும்புகிறவர் தீப்பெட்டியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம், துளையின் அளவையும் ஒளிக்கசிவையும் முன்பே டப்பாவில் பழகியிருந்தால்.